ஆடற்பணியும் ஆடினார்க்குரிய கடனும்

தில்லைக் கூத்தப்பெருமான் திருமுன் நிற்பார் யாவரும் அவ்வாடலை ஐந்தொழிற் கூத்தென்று உணர்வர். துடியினொலி உலகைத் தோற்றுவிப்பதும், அஞ்சலென்ற கை அதனைப் புரப்பதும், அங்கையனல் அதனை ஒடுக்குவதும், நிலத்தூன்றிய தாள் உயிர்க்கு மறைப்பாய் நிற்பதும், எடுத்த தாள் வீடு நல்குவதும் சைவநூல் பயில்வார் நன்கறிந்தனவே. அக்கூத்திற்குத் தொடக்கமில்லை, ஓய்வுமில்லை. அதன் நிழலை மண்மிசைத் தம் உடம்பாற் காட்ட முற்பட்ட மானிடர்க்கோ, ஐந்தாறு வயதில் ஒரு தொடக்கமும், பெரும்பாலும் முப்பதிற்கும் நாற்பதிற்கும் இடையில் ஒரு முடிவும் உளவாகின்றன. ஏனைக் கலைவாணர் முதிருந்தோறும் போற்றப்படுகின்றனர். பாடுவார் குரலை அறுபதிலும் விரும்பிக் கேட்கின்றோம். புலவர் சொல்லை எண்பதிலும் ஏற்கின்றோம். ஆடுவாளொருத்திக்கு மட்டும், அவள் கலை நிரம்புதற்கு முன்னரே அவள் கால் மறுத்துவிடுகின்றது.

இதனை உலகியலென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், ஒருத்தியின் இளமை முழுதும் இறைபணிக்கென்று கொள்ளப்பட்டு, அவ்விளமை கழிந்தபின் அவள் யாதுமிலளாய் நிற்பாளாயின், அப்பணியைக் கொண்டவர்க்கு அவள்மாட்டு யாதேனுங் கடன் உண்டோ, இன்றோ என்னும் வினா அறநெறி ஆராய்வார் ஒதுக்கத்தக்கதன்று. அதனோடு தொடர்ந்து, ஆடற்பணி என்பது உடம்பினதோ உயிரினதோ என்னும் வினாவும் எழுகின்றது. வில்லியனூர், பாகூர் ஆகிய ஊர்ப்பக்கங்களில் வாழும் எம்போல்வார்க்கு இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்கள் அல்ல. ஏன் என்பதை மேலே காட்டுதும்.

முதற்கண் அத்தொழிலின் கடுமையைக் காண்போம். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் ஆண்டிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறியதாக இளங்கோவடிகள் கூறுவர். அவ்வளவு பிற்காலத்தும் பெரிதும் மாறிற்றில்லை. 1918 இற் பிறந்த பாலசரஸ்வதி அம்மையார் 1925 இற் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது ஏழு வயதினரே. பரதம் பயில்வார் முழங்கால்களை இருமருங்கும் விரித்து மடக்கி, இடையைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி நிற்கும் நிலையை அரைமண்டி என்பர். அந்நிலை குலையாமல், வெறுங்காலால் நிலத்தைத் தட்டி, ஒவ்வோர் அடவையும் மூன்று காலத்திலும் ஆடவேண்டும். வர்ணம் ஒன்று முடிதற்கு அரைமணி நேரத்திற்கு மேலும் செல்லும். பழைய நாளில் ஆடுகளம் கோயிற் கருங்கற்றளமாகவும் இருந்தது. குதிகால், கணைக்கால் எலும்பு, முழங்கால், இடுப்பு ஆகிய இவை அத்தனை அடிகளையும் கணக்கு வைத்திருந்து பிற்காலத்தில் வாங்கிக்கொள்கின்றன. மகப்பேறும் நோயும் இடையே வருவன. கண்டார் கைகொட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்காக, அதற்கு முன் பத்தாண்டும் அதற்குப் பின் வாழ்நாளெல்லாமும் ஆடுவாள் தன் உடம்பால் விலை கொடுக்கின்றாள்.

இதிலுள்ள முரண் ஒன்றை நோக்குக. கால் வலிமை குன்றும் அப்பருவத்திலேதான் அபிநயம் கனிகின்றது. பாடற்பொருளைக் கண்ணாலும் கையாலும் விரித்துக் காட்டுதற்கு வாழ்வறிவு வேண்டும். அது பதினாறு வயதில் வருவதன்று. 1928 இற் பிறந்த கலாநிதி நாராயணன் அம்மையார் இளமையிலேயே ஆடலை நிறுத்தி, ஏறத்தாழ முப்பதாண்டு இல்லறத்திற் கழித்து, 1973 இல் மீண்டு வந்து அபிநயம் கற்பித்தார். புகழ்பெற்ற ஆடலார் பலர் அவர்பால் வந்து பயின்றனர். முப்பதாண்டு ஆடாதிருந்த உடம்பில் அக்கலை எங்கே இருந்தது? உடம்பில் இருந்ததென்று கூறுதல் பொருந்தாது. இவ்வினாவைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

இனி எம் நாட்டுப்பக்கத்துச் செய்தியொன்று. பாகூருக்குத் தெற்கே பெண்ணையாற்றைக் கடந்து சென்றாற் கடலூர். அதற்கு மேற்கே, கெடிலக்கரையில், திருவயிந்திரபுரம் என்னும் திருமால் பதி. 1838 ஆம் ஆண்டில் தார்திவேல் என்னும் பிரெஞ்சுக்காரர் அப்பதியைச் சார்ந்த ஆடன்மகளிரைப் புதுச்சேரியில் ஒப்பந்தஞ் செய்துகொண்டு பாரிசுக்கு அழைத்துச் சென்றார். அக்குழுவில் மகளிர் ஐவர், இசைவல்ல ஆடவர் மூவர். மூத்தவளாகிய தில்லம்மாளுக்கு வயது 30. அம்மணி என்பாளுக்கு 18. இருவர் பதின்மூன்று பதினான்கு வயதினர். கடைசிச் சிறுமிக்கு ஆறே வயது. அவர்கள் லூயி பிலிப் மன்னர் முன்னிலையில் ஆடினர். பின் பாரிசின் வரியேத்தே அரங்கிலும், அதன்பின் இலண்டனிலும் ஆடினர். கோத்தியே என்னும் பேர்பெற்ற எழுத்தாளர் அம்மணியை வியந்து பலபட எழுதினார். பார் என்னும் சிற்பி அவளை ஆடுங்கோலத்தில் வெண்கலத்தில் வார்த்தார்.

அப்படிமத்தை நினைக்குந்தோறும் எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. வெண்கல அம்மணிக்கு இன்றும் பதினெட்டு வயதே. ஊனாலாகிய அம்மணிக்கு அவ்வாறு நிற்றல் இயலாதன்றோ? உலகம் வியந்தது வெண்கலத்திற் பிடித்து வைக்கத்தக்க அவ்வொரு கணத்தையே. அக்கணத்தைத் தாங்கிய உயிர்க்கு முன்னும் பின்னும் நாட்கள் உள என்பது அவ்வியப்பினுள் அடங்கிற்றில்லை. அதே பாரிசு நகரத்தில், அரசு சார்ந்த ஆபெரா அரங்கில் ஆடுவார்க்கு ஓய்வூதியம் வழங்கும் முறை 1698 இல், பதினான்காம் லூயி மன்னர் காலத்திலேயே ஏற்பட்டிருந்தது. இந்நாளில் அவ்வரங்கத்து ஆடலார் 42 வயதில் ஓய்வு பெறுகின்றனர். ஆடுவாரது உடம்பு விரைவில் தேயும் என்பதை அறிந்து, அவ்வறிவைக் கணக்கேட்டில் எழுதிவைத்த நகரம் அது. திருவயிந்திரபுரத்தாருடன் செய்துகொண்டதோ பயண ஒப்பந்தம் ஒன்றே.

வேற்று நாட்டாரை மட்டும் நோவானேன்? நம் முன்னோர் இதற்கு யாது செய்தனர் எனின், ஒன்று செய்தனர். அது வியத்தற்கும் உரியது, வருந்துதற்கும் உரியது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்குப் பல ஊர்த் தளிகளிலிருந்தும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருத்திக்கும் ஒரு மனையும், ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் வரும் பங்கொன்றும் வகுத்தான். அவனது 29 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014 ஐ ஒட்டி, அது கல்லில் வெட்டப்பட்டது. ஒருத்தி இறப்பினும், நாடுவிட்டுப் போயினும், அவட்கு நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்க என்றும், அவர் தகுதியிலராயின் தகுதியுடையாரைத் தெரிந்து அமர்த்துக என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. ஆடினாளைப் பிச்சையெடுக்க விடாமல் காணியில் நிறுத்திய அரசனது நுண்ணறிவை யாரே பாராட்டாதார்!

ஆயினும் பங்கு பணியோடு கட்டப்பட்டது. பணி உறவோடு கட்டப்பட்டது. இம்முறை நூற்றாண்டுகளூடே இறங்கிவந்தபோது என்னாயிற்று என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். தாயின் கால் ஓய்ந்தபோது மனையும் மானியமும் நிலைக்கவேண்டுமாயின், மகளின் கால் ஆடத் தொடங்கவேண்டும். மகளில்லாதவள் ஒரு சிறுமியைத் தத்தெடுத்தாள். பொட்டுக்கட்டு என்னுஞ் சடங்கு இளம்பருவத்திலேயே நிகழ்ந்தது. ஆகவே, ஒருத்தியின் முதுமைக்கு மற்றொருத்தியின் குழந்தைப்பருவம் ஈடாக வைக்கப்பட்டது. ஓய்வூதியம் அரசனது பண்டாரத்திலிருந்தன்று, மகளின் முழங்காலிலிருந்து வந்தது. ஆடற்கலையின் பெருமை பேசுவார் பலரும் இவ்விடத்தில் வாய் திறப்பதில்லை.

சித்தாந்தம் இதற்கு என் கூறும்? உயிர்கள் பல, அவை அனைத்திற்கும் பதி ஒருவனே. ஓர் உயிர் மற்றோர் உயிர்க்கு உடைமையாதல் நம் நூல்களிற் காணப்படாத கொள்கை. தன் பொருளைத் தான் கொடுப்பது கொடை. பிறிதோர் உயிரைத் தன் பொருள்போற் கொடுப்பாள் எதனைக் கொடுத்தாளாவள்? அக்குழந்தை முன்னரே இறைவனுடையது. மேலும், சரியை கிரியை என்பன செய்வான் உள்ளத்து அன்புபற்றிப் பயன் தருவன. விருப்பமும் அறிவும் மலராத ஐந்து வயதிற் கட்டப்பட்ட பொட்டு எவ்வன்பை உணர்த்தும்? அதுபற்றி, அவ்வழி வந்தார் யாவர்க்கும் அன்பில்லை என்பார் கூற்றையும் யாம் உடன்படோம். ஆரூரர் திருவருளால் மணந்த பரவையார் உருத்திர கணிகையர் குலத்தில் தோன்றியவரே. அவரைக் கயிலையிற் கமலினியார் என்று சேக்கிழார் பெருமான் காட்டியருளினார். கட்டிய கயிற்றுக்குள்ளும் உண்மை அன்பு மலர்ந்ததுண்டு. அம்மலர்ச்சி அவ்வுயிர்க்குரிய சிறப்பு. கயிற்றின் சிறப்பாக அதனை எண்ணற்க.

ஆகலின், 1947 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டைத் தடுத்த சட்டம் அறத்தோடு பட்டது என்பதே எம் துணிபு. அதற்கென நெடுநாள் உழைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அதற்கு முன்னரே, 1929 இல், தேவதாசியரது மானிய நிலங்களைக் கோயிற்பணியினின்று விடுவித்து அவர்க்கே உரிமையாக்கும் சட்டமும் நிறைவேறிற்று. அறிவோடு செய்த செயல் அது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் வில்லியனூரிலும் பாகூரிலும் அம்மாகாணச் சட்டம் செல்லவில்லை; 1954 நவம்பர் முதல் நாளில்தான் இவ்வூர்கள் இந்திய ஆட்சியிற் சேர்ந்தன. ஆயினும் காலத்தின் போக்கிற்கு எல்லைக்கல் இல்லை. கோயில்களில் ஆடல் இங்கும் ஓய்ந்தது.

நிலமுடையார் பிழைத்தனர். நிலமின்றி, மனையும் மரியாதையுமே பெற்றிருந்தார் நிலை வேறு. மயிலைக் கபாலீசுரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளை நினைக்க. பாலசரஸ்வதியார்க்கும் ருக்மிணி தேவியார்க்கும் அபிநயம் உணர்த்திய ஆசிரியை அவர். அவர்பாற் கற்றார் உலகெங்கும் புகழெய்தினர். அவரோ பிற்காலத்தில் வறுமையில் உழன்றார். சட்டம் குழந்தைகளை விடுவித்தது, அது நன்று. முன்னரே தேய்ந்துபோன கால்களுக்கு யாது செய்வது என்பதை நாட்டார்க்கு விட்டது. நாட்டார் அதனை மறந்தனர்.

இனி, கடன் இல்லையென்பார் கூறுவன இரண்டு. ஊதியம் கொடுத்தாயிற்று, அதனோடு கணக்குத் தீர்ந்தது என்பது ஒன்று. ஆடினாட்குக் கொடுக்கப்பட்ட நெல் அவ்வாண்டின் உணவிற்குச் சரி. அவள் கொடுத்ததோ அவ்வாண்டின் உழைப்பு மட்டுமன்று. ஐம்பதாம் ஆண்டில் நடத்தற்குரிய முழங்காலையும் உடன் கொடுத்தாள். முதலையே கொடுத்தாளுக்கு வட்டியைக் கொடுத்துவிட்டு, தீர்ந்தது என்றல் வணிகர் அவையிலும் செல்லாது.

மற்றொன்று, அவரவர் இன்பதுன்பம் அவரவர் பிராரத்தம். அதிற் பிறர் தலையிடுதற்கு யாதுளது என்பது. சைவரிடையே இச்சொல் மிகுதியும் வழங்குவதாற் சிறிது விரித்து ஆராய்வோம். நோயும் பிராரத்தமே, அதுபற்றி மருத்துவனை மருந்து கொடாதே என்று தடுப்பார் உளரோ? வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். அவன் அதனைப் பெரும்பாலும் உயிர்கள் வாயிலாகவே ஊட்டுகின்றான். முதுமையுற்ற ஒருத்திக்கு எஞ்சிய பிராரத்தம் பசியோ, அன்றி நம் கையால் வரும் சோறோ என்பதை அறிவார் நம்முள் யார்? நுகர்ந்து கழிந்தபின்னரே இது பிராரத்தம் என்று சொல்லக் கூடும். நுகர்தற்கு முன்னே, இவட்கு விதித்தது பசியே என்று துணிந்து வாளாவிருப்பான், இறைவன் ஏட்டைத் தான் படித்தவன் போலாகின்றான். அவட்குப் பிராரத்தம் எதுவாயினும் ஆகுக. அவன் வாளாவிருத்தல் அவனுக்கு அன்றே ஏறும் ஆகாமியம். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு அருளப்பட்டது. பிறர் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு அதனைக் கருவியாக்குவார் நம்முள் மிகப் பலர்.

இனிப் பணி யாருடையது என்னும் வினா. தனுவும் கரணமும் மாயேயம். உயிரினறிவு மலத்தால் மறைந்து கிடக்கும் இருளில், பொழுது புலருமளவும் உதவும் கைவிளக்குப்போல் அவை தரப்பட்டன என்பது நம் கொள்கை. விளக்கினொளியிற் கற்றவன், விளக்கு அவிந்தபின் கல்வியை இழப்பதில்லை. அவ்வாறே ஆடலை ஆடிய கால் கருவி. ஆடற்பொருளை அறிந்தது உயிர். கால் ஓய்ந்தபின் அவ்வறிவு கையிற் செல்லும்; கையும் நடுங்கினாற் கண்ணிற் செல்லும்; பின் மாணவியின் காலிற் செல்லும். கலாநிதி அம்மையாரிடத்து முப்பதாண்டு உறைந்தது அவ்வறிவே. பணி உடம்பினதாயின், உடம்பு ஓய்ந்த நாளிற் பணி முடிந்தது, உறவும் முடிந்தது என்பார்க்கு இடமுண்டு. பணி உயிரினதாயின், ஓய்வு பெற்றது கருவியே. பணி செய்தவள் இன்னும் நம்முன் அமர்ந்திருக்கின்றாள்.

அமர்ந்திருந்தாளொருத்தியை யாம் இளமையிற் கண்டதுண்டு. வில்லியனூர்க்கு மேற்கே ஒரு சிற்றூரில், ஒட்டுத்திண்ணையிற் காலை நீட்டியபடியே இருப்பாள், மடக்க இயலாது. ஊர்ச்சிறுவராகிய யாம் கேட்டால், திருக்காமீசர் தேர்மீது எழுந்தருளிவரும் காட்சியை இரண்டு கையாலும் கண்ணாலும் காட்டுவாள். வடம் பிடிப்பாரும், தேர் அசையத் தொடங்கும் கணமும், கோகிலாம்பிகை நோக்கும் நோக்கும் அத்திண்ணையிலேயே தோன்றும். காட்டிமுடித்து, ஒரு வெற்றிலை கொடுங்கள் என்பாள். யாம் வெற்றிலை கொடுத்ததே மிகுதி என்று அந்நாளில் எண்ணியிருந்தோம்.

வில்லியனூர்ப்பக்கத்தில் ஆயியின் கதையை அறியாதார் இலர். முத்திரையர்பாளையத்தில் அவள் மாளிகை விளக்கொளியிற் பொலிந்ததைக் கண்ட கிருஷ்ண தேவராயர், கோயிலென்று கருதிக் கைகூப்பினாரென்றும், அது தாசி வீடென்று அறிந்ததும் வெகுண்டு இடிக்க ஆணையிட்டாரென்றும், ஆயி தானே அதனை இடித்து அவ்விடத்திற் குளந்தோண்டினாளென்றும் செவிவழிக் கதை கூறும். பிற்காலத்தில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், அப்பாளையத்திலிருந்து புதுச்சேரி நகரத்திற்கு நன்னீர் கொணரப்பட்டது. அதன் நினைவாக எழுந்த ஆயி மண்டபம் பாரதி பூங்காவில் வெண்ணிறத்தோடு நிற்கின்றது. புதுச்சேரி அரசின் இலச்சினையும் அதுவே.

இக்கதையைத் தாசியின் மனமாற்றமென்று சொல்வது வழக்கம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வணங்கியவன் அரசன், மயங்கியவனும் அவனே. தன் மயக்கத்திற்கு நாணியவன் பிறள் வீட்டை இடிக்கச் சொன்னான். அவளோ தன் ஆடலால் ஈட்டிய மனையை நீராக மாற்றினாள். குடிக்கும் நீர் யார் தோண்டியது என்று எவரும் கேட்டுக் குடிப்பதில்லை. அது பெருஞ்செயல். ஆயினும் ஆடினார் எல்லாரும் ஆயியைப்போல் உள்ளதனைத்தும் துறந்தாலன்றி மதிக்கோம் என்று நாம் இருப்பது சிறுசெயல். ஆயியின் பெயரை மண்டபத்தில் வைத்த ஊரார்க்கு, திண்ணையிற் காலை நீட்டியிருந்தாளின் பெயர் தெரியாது. எமக்கும் மறந்துபோயிற்று.

இந்நாளில் எவரும் பொட்டுக்கட்டப்பட்டு ஆடுவதில்லை. அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஆடல் முறையாகக் கற்பிக்கப்படுகின்றது. 1981 முதல் தில்லையில் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நிகழ்கின்றது. வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்ப் பெண்மக்கள் தாமே விரும்பிப் பயின்று திருவிழா மேடைகளில் ஆடுகின்றனர். கட்டு நீங்கிற்று, மகிழ்ச்சியே. காணியும் உடன் நீங்கிற்று என்பதை மட்டும் பலர் நோக்குவதில்லை. மேடையேறும் பெண்ணொருத்திக்கு உடையும் ஒப்பனையும் அவள் செலவு. பக்கஇசையாளர்க்குக் கொடுக்கும் ஊதியமும் பலவிடத்து அவள் பெற்றோர் செலவு. இறைவன் முன் ஆடுவதற்கு ஊதியம் கேட்கலாமோ என்று சிலர் வினவுகின்றனர். நாயனக்காரரிடத்தும் தேர்த்தச்சரிடத்தும் அவர்கள் அவ்வாறு வினவக் கண்டிலேம்.

சில ஆண்டுகட்கு முன் ஓர் ஊர்த் திருவிழாக் கணக்கேடு எம் கைக்கு வந்தது. ஊர்ப்பெயர் வேண்டா. பந்தலுக்கு ஒரு தொகை, ஒலிபெருக்கிக்கு ஒரு தொகை, வாணவேடிக்கைக்கு அவ்விரண்டினும் பெருந்தொகை. பரதம் என்னும் வரிக்கு எதிரே, பொன்னாடை ஒன்று, தேங்காய்பழத் தட்டு ஒன்று என்றிருந்தது. ஆசிரியை ஒருவர் பெயர் அதற்குக் கீழே, அவர்க்கெதிரே ஒன்றுமில்லை. அவர் இளமையில் ஆடியவரென்றும், முழங்கால் நோவால் நிறுத்தி இப்போது அவ்வூர்ச் சிறுமியர்க்குக் கற்பிப்பவரென்றும் விசாரித்து அறிந்தோம். வாணத்திற்குரிய தொகையிற் பாதியை அவ்விரு வரிகளுக்கும் மாற்றி எழுதலாமே என்று அக்கணக்கரிடம் சொன்னோம். அவர் மறுக்கவில்லை, கூட்டத்தில் வைக்கின்றேன் என்றார். வைகாசித் தேருக்கு இன்னும் நாளிருக்கின்றது.